பச்சையப்பன் முறை

செத்து நாற்பத்தோரு நாளான பச்சையப்பன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு, வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஜேம்ஸின் லேத் பட்டறை மாடிக்கு வந்தான், பதினோரு பேர் முன்னால் தன் முறைக்குப் பாட்டுப் பாடினான், ஒரு கப் சுண்டல் சாப்பிட்டான், தேங்காய் கம்மி என்று குறை சொன்னான், போய்விட்டான்.

இதைப் பக்தவத்சலம் அம்பத்தூர் மார்க்கெட்டில் சொன்னார். ஆவடி பேருந்து நிலையத்தில் சொன்னார். நெமிலிச்சேரி போகும் மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் சொல்ல, அவர் தம் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கிக்கொண்டார். யாரும் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. வெள்ளத்தின்போது பீரோக் கதவின் மேல் மல்லாந்து படுத்தபடி அம்பத்தூரிலிருந்து ஆவடிவரை மிதந்து போனவர் அவர். அவர் வீட்டுப் பல்லி ஆதி தாளம் பிசகாமல் கத்தும். அவர் எழுதிய தாலாட்டை யாரோ ஜன்னலோரம் பாட, தெருமுனையில் நின்ற போலீஸ் நாய் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. எல்லாம் அவரே சொன்னது.

இந்த முறை மட்டும் அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. அதுதான் அவருடைய துக்கம். சுண்டல் ஒன்றுதான் சொந்தச் சரக்கு. பேய் வந்த கதையில் கொஞ்சம் உப்புக் காரம் வேண்டாமா என்று சேர்த்தது. மற்றதற்கு மாடியில் இருந்த பத்துப் பேர் சாட்சி. பதினோராவது ஆள் கலீலுல்லா. அவர் மட்டும், "ஒண்ணும் நடக்கல" என்று சொல்லிவிட்டார். கலீலுல்லா நடக்கவில்லை என்றால் நடக்கவில்லைதான். அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லுக்கு இருந்த எடை அப்படி.

கூட்டம் என்பது நாலு மணி மன்றம். ஆவடிப் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மாதக் கடைசி ஞாயிறு நாலு மணிக்குக் கூடுவார்கள். மாதத்துக்கு ஒரு தலைப்பு: மழை, ரயில், கடிதம், தொட்டில். ஒவ்வொருவரும் அந்தத் தலைப்பில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக்காட்டி, அதில் தமக்குப் பட்டதைச் சொல்லி, அப்புறம் தாமே எழுதிய கவிதை ஒன்றைப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். யார் எத்தனாவது, எந்த மாதம் என்ன தலைப்பு என்று ஜனவரியிலேயே குலுக்கிப்போட்டு, ஷிப்ட் சார்ட் மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதை மாற்றக் கூடாது. ஓர் ஆள் வராவிட்டாலும் அவருடைய ஐந்து நிமிடத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருத்தர் லீவு போட்டால் அவர் மிஷினை அடுத்தவர் தொட மாட்டார், அந்தப் பழக்கம். அந்த ஐந்து நிமிடமும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கலீலுல்லா ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். செய்து வந்த உருப்படிகளை அளந்து பார்த்து, மயிரிழை தப்பினாலும் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்குகிற வேலை. மன்றத்திலும் அதையேதான் செய்தார். ஒரு வரியைச் சொன்னால் படம், வருஷம், பாடியவர், எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது என்று சொல்வார். ஆனால் ஒரு வரிகூடப் பாட வராது. சுருதி அவருக்கு ஜென்மப் பகை. பிறந்தநாள் வாழ்த்தில்கூட வாயை மட்டும் அசைப்பார். மன்றம் வருஷத்துக்கு ஒரு தொகுப்புப் போடும். அதில் எந்தக் கவிதை போகலாம் என்று முடிவு செய்வது அவருடைய சிவப்புப் பென்சில்.

பச்சையப்பன் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிற வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று பயந்தவர் போல இருப்பார். அவரும் கலீலுல்லாவும் அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வரிசை. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் ஒரே சைக்கிள், பச்சையப்பன் மிதிப்பார், கலீலுல்லா கேரியரில். பச்சையப்பனுக்கு ஓட்டி விழுந்தால், அதாவது கூடுதல் நேர வேலை வந்தால், சைக்கிள் சாவியைக் கலீலுல்லாவின் கையில் கொடுத்துவிடுவார். கலீலுல்லா சைக்கிளைக் கொண்டுபோய் பச்சையப்பன் மனைவி நாகம்மாவின் வாசலில் நிறுத்துவார். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் மட்டும் வந்தால், புருஷன் வர நேரமாகும், காத்திருக்காமல் சாப்பிடு என்று அர்த்தம். குவார்ட்டர்ஸில் எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும்.

ஜூலை மாதத் தலைப்பு காத்திருப்பு. பச்சையப்பன் தம் முறைக்கு எழுந்து, காகிதத்தைப் பார்க்காமல், வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வரியை மெட்டோடு சொன்னார்.

சங்கு ஊதிப் போச்சு கண்ணே, சைக்கிள் வந்து சேரல,
செங்கல் சூளை வானம் ஆச்சு, சோறு இன்னும் ஆறல.

மாடியில் இருந்தவர்கள், இத்தனை வருஷம் இந்த மனுஷன் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலீலுல்லா மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இது கேட்ட பாட்டு" என்றார். "எந்தப் படம்னு வரல. ஆனா கேட்டிருக்கேன் பச்சை. நம்ம கேன்டீன் ஸ்பீக்கர்ல. ஒரு தரம் இல்ல, நூறு தரம். இதே மெட்டு."

பச்சையப்பனுக்கு முகம் செத்துவிட்டது. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேசுகிற ஆளாக இருந்தால்தானே.

பக்தவத்சலம் எழுந்தார். அவருக்கு உண்மை தெரியும். இருபத்தாறு வருஷம் பச்சையப்பனுக்குப் பக்கத்து லேத் அவருடையது. மிஷின் ஓடும்போது, அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில், பச்சையப்பன் பாடுவார். சொந்தமாகக் கட்டிய பாட்டு. மிஷின் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

"அது அவன் கட்ன பாட்டு பாய். நான் பக்கத்து மிஷின். என் காதால கேட்டுகீறேன்" என்றார்.

அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பியதும் பக்தவத்சலத்தின் நாக்கு அரித்தது. "அவன் பாட சொல்லோ லேத்து தானா நின்னு கேக்கும். ஒரு நாள் பெரிய அதிகாரி வந்து கேட்டுட்டு அழுதுகினே நிக்கிறாரு. கண்ணத் தொடைக்க நான்தான் மிஷின் தொடைக்கிற பனியன் வேஸ்ட் எடுத்துக் குடுத்தேன்."

மாடி குலுங்கச் சிரித்தது. பச்சையப்பன்கூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் உண்மை அடித்துக்கொண்டு போய்விட்டது. கலீலுல்லா அந்தக் காகிதத்தில் சிவப்புக் கோடு போட்டு, தொகுப்புக்கு ஆகாது என்று எழுதினார். கூட்டம் முடிந்து மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, பச்சையப்பன் மேசையருகே ஒரு கணம் நின்றார். ஸ்டாப்வாட்சின் ரெக்சின் உறையைத் தடவிப் பார்த்தது போல இருந்தது. அப்புறம் இறங்கிப் போனார். சைக்கிளை எடுக்கவில்லை. படிக்குக் கீழே பூட்டியபடி விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பச்சையப்பன் போய்விட்டார். இதயம் என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்த மாதக் கூட்டம் நடக்கவில்லை. பூட்டிய சைக்கிள் பட்டறைப் படிக்குக் கீழேயே நின்றது. ஜேம்ஸ் நாகம்மாவுக்குப் போன் செய்து சாவி கேட்டார். எங்கிட்ட இல்லை என்று மட்டும் சொன்னாராம். பூட்டை உடைக்க ஜேம்ஸுக்குக் கை வரவில்லை. இரும்பை வெண்ணெய் மாதிரி வெட்டுகிற பட்டறைக்காரர், அந்தச் சின்னப் பூட்டின் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்.

பக்தவத்சலத்துக்குத் தூக்கம் போனது. நாலு வார்த்தை நேராகப் பேசியிருந்தால் பச்சையப்பன் திருடன் என்ற பேரோடு போயிருக்க மாட்டான் என்று நெஞ்சு குறுகுறுத்தது. செப்டம்பர் கூட்டத்தில் எழுந்து, ஒரு உப்புக்கல் கூடச் சேர்க்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். மூன்றாவது ஒத்திகையிலேயே ஒரு மயில் கதைக்குள்ளே வந்துவிட்டது.

செப்டம்பர் மாதத் தலைப்பு, சுவரில் ஒட்டியிருந்தபடி, பேய்ப் பாட்டு. ஜனவரியில் சிரித்துக்கொண்டே குலுக்கிப்போட்டது. மாற்றிவிடலாமா என்று ஜேம்ஸ் கேட்டதற்கு, ஒட்டியது ஒட்டியதுதான் என்றார் கலீலுல்லா. அன்றைக்கு அவர் முகம் நன்றாக இல்லை. ரெக்சின் உறையைத் திறந்தவர் சட்டென்று மூடினார். சட்டைப் பையில் எதையோ போட்டுக்கொண்டார். மாத்திரையாக இருக்கும் என்று பக்தவத்சலம் நினைத்தார்.

நாலு மணிக்குச் சரியாக நாகம்மா வந்தார். முதல் தடவையாக அந்தப் படியில் ஏறுகிறார். கையில் ஒரு துணிப்பை. வாசலோர நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் தனியாக வணக்கம் சொல்லாமல், பொதுவாகச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை புஸ்தகம் அச்சுக்குப் போகுதாமே. அவரு பாட்டு அதுல வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அவரு திருடினாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்."

கலீலுல்லா கீழே பார்த்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் பேசலாம் தங்கச்சி என்றார்.

ஜேம்ஸ் ஆரம்பித்தார். அவர் போட்ட பாட்டில் பனிமூட்டத்தில் வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி விளக்கோடு நடக்கிறாள். நம் சினிமாப் பேய்க்கு அத்தனை வயலின் எங்கிருந்து கிடைக்கிறது, அந்தச் சேலையை யார் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுக்கிறார்கள் என்று அவருக்கு நாற்பது வருஷச் சந்தேகம். எல்லாரும் சிரிக்க வேண்டுமே என்று சிரித்தார்கள். அடுத்து சபீனா. கலீலுல்லாவின் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர், அப்பாவைப் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவந்து, கூட்டத்தை முழுசாகப் போனில் பதிவு செய்து வைப்பவள்; அதற்காக அவளுக்கும் சார்ட்டில் ஓர் இடம். பேய்ப் பாட்டு எல்லாமே உற்றுக் கேட்டால் காத்திருக்கிற பாட்டுதான் என்றாள். வா வா என்று கூப்பிட்டு, யாரும் வராமல் செத்தவள்தான் பாடுகிறாள்; பதில் வந்திருந்தால் அது வெறும் காதல் பாட்டு. பிறகு தன் கவிதையைப் படித்தாள்.

இறந்தவர் எண்ணை யாரும் அழிப்பதில்லை.
பச்சைப் புள்ளி அணைந்த இடத்தில்
பெயர் மட்டும் விழித்திருக்கிறது.

நாகம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

கலீலுல்லா தம் முறைக்குச் சுருக்கமாகப் பேசினார். நம் படங்களில் பேய் என்று ஒன்று கிடையாது; கடைசி ரீலில் பார்த்தால் அது தங்கையாகவோ இரட்டைப் பிறவியாகவோ வில்லன் வைத்த ஆளாகவோ இருக்கும். பாடுவது எப்போதும் உயிரோடு இருக்கிற ஒருத்தர்தான். ஆகவே பேய்ப் பாட்டு என்பது, செத்தவருக்குப் பதிலாக உயிரோடு இருப்பவர் பாடுகிற பாட்டு. இதைச் சொல்லி, ஸ்டாப்வாட்சைப் பார்த்து, ஒரு நிமிடம் மிச்சம் வைத்து உட்கார்ந்தார்.

பக்தவத்சலத்தின் முறை வந்தது. ஒத்திகை பார்த்ததைச் சொல்லத்தான் எழுந்தார். நாகம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பயந்து, எழுதிவைத்திருந்த கவிதையைப் படித்துவிட்டார்.

பேய் வந்துச்சு என் வீட்டுக்குப் பின்கதவு வழியா,
கொசு கடிச்சு ஓடிப்போச்சு முன்கதவு வழியா.

சிரிப்பு வந்தது. அவருக்குத் தம் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. உட்கார்ந்தார். ஜேம்ஸின் மனைவி கொண்டுவந்த சுண்டல் கப்புகள் கைமாறின. கலீலுல்லா வழக்கம்போல வேண்டாம் என்று கையைக் காட்டினார். நெஞ்செரிச்சல்காரர், கொண்டைக்கடலையைக் கண்ணால் பார்த்தாலே ஏப்பம் வரும்.

சுவர்ச் சார்ட்டில் அடுத்த பெயர் பச்சையப்பன்.

கலீலுல்லா ஸ்டாப்வாட்சை அழுத்தினார். எல்லாரும் கையைக் கட்டினார்கள். கீழே பட்டறை லீவு. மின்விசிறி மட்டும் கடகடத்தது. ஒரு நிமிடம் போனது. அப்போது மின்சாரம் போயிற்று. விசிறி நின்று, இத்தனை பெரிய அமைதி அம்பத்தூரில் உண்டா என்று தோன்றும்படி ஓர் அமைதி இறங்கியது. படிக்குக் கீழே சைக்கிள் மணி ஒரு தரம் அடித்தது. அடித்தது என்பது பக்தவத்சலம் கட்சி. ஜேம்ஸ் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் பாட்டு ஆரம்பித்தது.

சங்கு ஊதிப் போச்சு கண்ணே என்று, கணீரென்று, சுருதி சுத்தமாக. சின்ன அறைக்குப் பொருந்தாத சத்தம். எதிரே ஒரு பெரிய மிஷின் ஓடிக்கொண்டிருப்பதுபோல, அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பிப் பாடும் குரல். வரிக்கு வரி ஓர் இடைவெளி. வெட்டுளியை நகர்த்தி வைக்க ஆகும் நேரம் அது என்று பக்தவத்சலத்துக்கு மட்டும் தெரிந்தது. இருபத்தாறு வருஷம் கேட்ட இடைவெளி.

வாய் அசைந்தது கலீலுல்லாவுக்கு.

கண்ணை மூடியிருந்தார். வலது கை ஸ்டாப்வாட்சில். இடது கை காற்றில் இல்லாத ஒரு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு வரிக்கு அப்புறம் மன்றத்தில் யாரும் கேட்டிராத வரி வந்தது.

முக்குத் திரும்பும் மணிச் சத்தம் மூணு வீட்டுக்குக் கேக்குது,
எக்கி எக்கிப் பார்த்த வாசல் என்னைத் திரும்பிப் பாக்குது.

அதற்கு மேலும் ஒன்று.

கூட வந்த சைக்கிள் எல்லாம் ஊடு போய்ச் சேர்ந்தாச்சு,
பூட்டிப் போட்ட சைக்கிள் சாவி தோழன் கையில் தந்தாச்சு.

குரல் நின்றது. கலீலுல்லாவின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை நிறுத்தியது. சரியாக ஐந்து நிமிடம். கண்ணைத் திறந்து, சாதாரணமாக, "நேரம் முடிஞ்சுது, அடுத்தது யாரு" என்றார்.

நாகம்மா எழுந்தார். அழவில்லை. படியிறங்கிப் போய்விட்டார். அவர் எதற்கு எழுந்து போகிறார் என்று கலீலுல்லா கேட்டார். நீங்கள் பாடினீர்கள் என்றார்கள். நான் எங்கே பாடினேன், எனக்குப் பாட வருமா என்று கோபப்பட்டார். மிச்சமிருந்த எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். "பச்சை வந்தான் பாய், உன் வாயில குந்திகினு பாட்னான்" என்று பக்தவத்சலம் சொன்னதும் கலீலுல்லாவுக்கு ஒரு பிடி கிடைத்தது. இந்த ஆள் சொல்கிறான் என்றாலே பொய் என்று தெரிந்துவிடவில்லையா என்று கேட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் பக்தவத்சலம் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தது. முதல் நாள் உள்ளபடி சொன்னார். யாரும் நின்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் சுண்டலைச் சேர்த்தார். பச்சையப்பன் உயிரோடு இருந்தவரை மாதம் தவறாமல் சொன்ன குறை அது. சுண்டலுக்கு நல்ல வரவேற்பு. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கலீலுல்லாவின் சிவப்புக் கோடு அழியவில்லை.

புதன்கிழமை சபீனா, அப்பாவை நினைத்துக் கவலைப்பட்டு, பக்தவத்சலத்துக்குப் போன் செய்தாள். "அத்தா ராத்திரி சாப்பிடவே இல்ல மாமா. பதிவைப் போட்டுக் கேட்டாங்க. ஒரு தரம் இல்ல. போனைக் கையிலேயே வச்சுக்கிட்டு மொட்டைமாடில உட்கார்ந்திருக்காங்க. என்ன கேட்டாலும் ஒண்ணும் நடக்கலன்னு மட்டும் சொல்றாங்க."

வியாழக்கிழமை பக்தவத்சலம் திருமுல்லைவாயலில் நாகம்மாவின் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் ஐந்து மணி. நாகம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்தவத்சலம் தரையைப் பார்த்துக்கொண்டு, ஜூலையில் தாம் செய்ததைச் சொன்னார். லேத்து நின்று கேட்கவில்லை. அதிகாரி யாரும் அழவில்லை. பச்சையப்பன் பாடினான், அது மட்டும்தான் நிஜம். அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி முடித்தபோது, மயில், பீரோக் கதவு எதுவும் உள்ளே வராமல் தம்மால் இவ்வளவு தூரம் பேச முடிந்ததை அவரே நம்பவில்லை.

நாகம்மா, ஜூலைக் கூட்டத்தன்று புருஷன் ஆட்டோவில் வந்து இறங்கியபோது தாம் சைக்கிள் எங்கே என்று கேட்டதையும், மிதிக்க முடியவில்லை, கலீல் கொண்டுவருவான் என்று அவர் சொன்னதையும் சொன்னார். பிறகு சைக்கிளைப் பற்றிப் பேச்சே இல்லையாம். அப்படியென்றால் கலீலிடம் கேட்டிருக்கலாமே என்றார் பக்தவத்சலம்.

"அது கேட்டு வாங்கறதில்ல அண்ணே. வரணும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. தெருமுனையில் மணி அடித்தது. பக்தவத்சலம் சத்தியமாக அந்த மணியைச் சொந்தமாகச் சேர்க்கவில்லை. பச்சையப்பனின் சைக்கிள் திரும்பி வந்துகொண்டிருந்தது. கலீலுல்லா அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேனாம்பேட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, சாவியை நாகம்மாவின் கையில் வைத்தார். அந்தக் காலத்தில் வைப்பதுபோலவே, ஒன்றும் பேசாமல்.

நாகம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நாற்பத்தைந்து நாளாக உள்ளே நின்றிருந்த அழுகை.

அது அடங்கும்வரை நின்றுவிட்டு, கலீலுல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பாட்டின் மூன்று ஈரடியும் அவர் கையெழுத்தில், பதிவைக் கேட்டு எழுதியது. சிவப்புக் கோடு இல்லை.

"சாவி ஞாயித்துக்கிழமை ஸ்டாப்வாட்ச் உறைக்குள்ள இருந்துச்சு தங்கச்சி. ஜூலையிலயே போட்டுட்டுப் போயிருக்கான். நான் அவனைத் திருடன்னு சொன்ன அஞ்சாவது நிமிஷம், எனக்குச் சாவியை வச்சுட்டுப் போயிருக்கான். எனக்கு அதை வெளிய எடுத்துக் காட்டத் தைரியம் வரல." காகிதத்தை விரித்துக் காட்டினார். "முதல் ரெண்டும் நான் கேட்ட பாட்டுதான். கேன்டீன் ஸ்பீக்கர்ல இல்ல. என் மேசைக்கும் அவன் மிஷினுக்கும் நடுவுல ஒரு தகரத் தடுப்பு இருந்துச்சு. அது வழியாத்தான் வந்திருக்கு. இருபது வருஷம் அவனைக் கேட்டுட்டு, அவன்கிட்டயே எங்க திருடினன்னு கேட்டிருக்கேன். ரெண்டும் ஞாபகம். ஞாபகம் பாடிருச்சு. அவ்வளவுதான் நடந்துச்சு."

"அப்ப மூணாவது?" என்றார் பக்தவத்சலம்.

கலீலுல்லா நாகம்மாவைப் பார்த்தார். மூன்றாவது எங்கே கேட்டது என்று நான்கு நாளாகத் தேடுவதாகவும், எந்தப் படத்திலும் எந்தத் தடுப்புக்குப் பின்னாலும் அகப்படவில்லை என்றும் சொன்னார்.

நாகம்மா உள்ளே போய் அந்தத் துணிப்பையை எடுத்து வந்தார். அதற்குள் ஸ்கேன் படம் போட்டுக்கொடுக்கும் பழுப்பு உறை. அதன் பின்பக்கம், படுத்துக்கொண்டே எழுதியதில் வரி சரிந்து சரிந்து, பச்சையப்பன் கையெழுத்து. கூட வந்த சைக்கிள் எல்லாம். கீழே தேதி: ஆகஸ்ட் பதினாறு. ஆஸ்பத்திரியில், போவதற்கு இரண்டு நாள் முன்பு.

"நானும் அவரும் தவிர இத யாரும் பாக்கல" என்றார் நாகம்மா. "அன்னிக்குக் கூட்டத்துல காட்டலாம்னுதான் கொண்டாந்தேன். அதுக்குள்ள நீங்க பாடிட்டீங்க."

கலீலுல்லா உறையை வாங்கினார். உருப்படியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல, இரண்டு பக்கமும் பார்த்தார். தம் காகிதத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். ஒரு எழுத்து தப்பியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். தப்பவில்லை. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தார். வானம் செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே இறக்கி வைத்த சோற்றின் வாசனை வந்தது.

"மூணும் நாளைக்கு அச்சுக்குப் போகுது. முதல் பக்கத்துல" என்றார்.

பக்தவத்சலத்துக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். அடக்கியதை ஒரு சாதனையாக நாளைக்கு யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கலீலுல்லா அவர் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யோவ் பக்தா. அந்தச் சுண்டல் கதை. அதை யார் உனக்குச் சொன்னது?"

பக்தவத்சலம், ஊருக்குச் சொன்னதெல்லாம் சரி, அது ஒன்று மட்டும் தாமாகக் கட்டியது, மன்னித்துவிடு என்று முணுமுணுத்தார்.

கலீலுல்லா தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினாரா ஆமாம் என்று ஆட்டினாரா தெரியவில்லை.

"நான் அன்னைக்கு ஒரு பருக்கை தொடல, நீயே பார்த்த. ஊட்டுக்குப் போற வழி முழுக்க என் வாயில சுண்டல் ருசி." அவர் தெருவில் நின்ற சைக்கிளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "அவன் வந்தான்யா. நடந்துச்சு. தேங்காய் கம்மிதான்."